அதே வகுப்பறை, அதே கரும்பலகை: சிறப்புத் தேவையுடைய குழந்தைகளும் பொதுப்பள்ளியும்

(அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கான கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



நியூயார்க் நகரத்தின் புரூக்ளின் பகுதியில் ஒரு சிறுமி வளர்ந்தாள். 1947ஆம் ஆண்டு பிறந்த அவளை ஒன்றரை வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கியது. சக்கர நாற்காலியே அவளுடைய கால்களாயிற்று. ஐந்து வயதானபோது, மற்ற தாய்மார்களைப் போலவே அவளுடைய தாயும் அவளை அழைத்துக்கொண்டு அருகிலிருந்த அரசுப் பள்ளிக்குச் சென்றார். தலைமை ஆசிரியர் அவளைச் சேர்க்க மறுத்தார். தீ விபத்து நேர்ந்தால் சக்கர நாற்காலி ஆபத்தாகிவிடும் என்பது அவர் சொன்ன காரணம். அதன் பின்னர் சில ஆண்டுகள், வாரத்தில் சில மணி நேரம் வீட்டிற்கு வந்து செல்லும் ஓர் ஆசிரியரே அவளுடைய பள்ளிக்கூடம்.

அந்தச் சிறுமியின் பெயர் ஜூடித் ஹியூமன். வளர்ந்து ஆசிரியப் பயிற்சி பெற்றபோது, நடக்க இயலாதவர் என்று காரணம் காட்டி நகரக் கல்வி வாரியம் அவருக்கு ஆசிரியர் உரிமம் தர மறுத்தது. 1970ஆம் ஆண்டு அவர் வழக்குத் தொடுத்து அந்த உரிமத்தைப் பெற்றார். 1993ஆம் ஆண்டு முதல் 2001ஆம் ஆண்டு வரை, நாடு முழுவதற்குமான சிறப்புக் கல்வியைக் கவனிக்கும் துணைச் செயலாளராக அமெரிக்கக் கல்வித் துறையில் பணியாற்றினார். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் தமது 75ஆவது வயதில் மறைந்தார்.

பள்ளி வாசலில் திருப்பி அனுப்பப்பட்ட சிறுமி, அந்நாட்டின் பள்ளிக் கதவுகளைத் திறந்து வைக்கும் பொறுப்பில் அமர்ந்தார் என்பது தற்செயலாக நிகழ்ந்ததன்று. அதற்கிடையில் ஒரு பெரும் போராட்டமும் ஒரு சட்டமும் இருக்கின்றன. அந்தச் சட்டம் இன்று இங்கு வாழும் தமிழ்க் குழந்தைகளுக்கும் உரியது. ஆனால் அதைப் பற்றி அறியாமலோ, அறிந்தும் கூச்சத்தினாலோ, எத்தனையோ குடும்பங்கள் அதைப் பயன்படுத்தாமல் இருந்துவிடுகின்றன. இன்றைய உரை அதனைக் குறித்ததே.

கதவு திறந்த வரலாறு

1954ஆம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம், கறுப்பினக் குழந்தைகளைத் தனிப்பள்ளியில் ஒதுக்கி வைப்பது சமத்துவம் ஆகாது என்று தீர்ப்பளித்தது. பிரவுன் வழக்கு என்று உலகறிந்த தீர்ப்பு அது. நிறத்தைக் காரணம் காட்டி ஒதுக்குவது தவறு என்றால், உடலையும் மூளையின் இயல்பையும் காரணம் காட்டி ஒதுக்குவது மட்டும் எப்படிச் சரியாகும் என்று பெற்றோர்கள் கேட்கத் தொடங்கினார்கள்.

அந்தக் கேள்விக்கு இரண்டு வழக்குகளில் பதில் கிடைத்தது. முதலாவது பென்சில்வேனியா மாநிலத்தில், அறிவுத்திறன் வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பெற்றோர் சங்கம் தொடுத்த வழக்கு. 1971ஆம் ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, அத்தகைய குழந்தைகளுக்கும் இலவசப் பொதுக்கல்வி அளிக்க அம்மாநிலம் ஒப்புக்கொண்டது. இரண்டாவது தலைநகர் வாஷிங்டனில் 1972ஆம் ஆண்டு தீர்ப்பான மில்ஸ் வழக்கு. போதிய நிதி இல்லை என்று கல்வி வாரியம் வாதிட்டது. பணம் போதவில்லை என்றால் அந்தக் குறைவை எல்லாக் குழந்தைகளும் பகிர்ந்துகொள்ள வேண்டுமேயன்றி, ஊனமுற்ற குழந்தைகளின் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது என்று நீதிமன்றம் கூறிவிட்டது. இன்றும் பள்ளிக் கூட்டங்களில் "பட்ஜெட் இல்லை" என்ற சொல்லைக் கேட்கும் பெற்றோர் ஒவ்வொருவரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு இது.

1973ஆம் ஆண்டு நிறைவேறிய மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவு, மத்திய அரசின் நிதியைப் பெறும் எந்த நிறுவனமும் ஊனத்தின் காரணமாக ஒருவரை ஒதுக்கக்கூடாது என்றது. ஆனால் அதனை நடைமுறைப்படுத்தும் விதிகளில் கையெழுத்திட அரசு தயங்கியது. 1977ஆம் ஆண்டு ஏப்ரலில், சான் பிரான்சிஸ்கோவில் இருந்த அரசு அலுவலகக் கட்டடத்தினுள் ஊனமுற்றோர் புகுந்து அமர்ந்தனர். சக்கர நாற்காலியில் இருந்தோரும், பார்வையற்றோரும், காது கேளாதோரும் மூன்று வாரங்களுக்கும் மேலாக அங்கேயே தங்கினர். அதன் தலைவர்களுள் ஒருவர் ஜூடித் ஹியூமன். 1977 ஏப்ரல் 28ஆம் நாள் விதிகளில் கையெழுத்தானது.

இதற்கிடையில், 1975 நவம்பர் 29ஆம் நாள், ஊனமுற்ற குழந்தைகள் அனைவருக்குமான கல்விச் சட்டத்தில் அன்றைய குடியரசுத் தலைவர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்டிருந்தார். நாட்டில் ஊனமுற்ற குழந்தைகள் 80 இலட்சத்திற்கும் மேல் உள்ளனர் என்றும், அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பொருத்தமான கல்வி கிடைக்கவில்லை என்றும், 10 இலட்சம் குழந்தைகள் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே நிற்கின்றனர் என்றும் அச்சட்டத்தின் முகப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. 1990ஆம் ஆண்டு இச்சட்டம் புதுப்பெயர் பெற்றது. அதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து "ஐடியா" என்று இன்று அழைக்கிறார்கள். 1997, 2004 ஆகிய ஆண்டுகளில் அது திருத்தப்பட்டது. 2022-23 கல்வியாண்டில் இச்சட்டத்தின் கீழ் 3 முதல் 21 வயது வரையிலான சுமார் 75 இலட்சம் மாணவர்கள் சேவை பெற்றனர். பொதுப்பள்ளி மாணவர்களில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேர் என்பது அதன் பொருள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், பள்ளி நேரத்தில் 80 விழுக்காடு அல்லது அதற்கு மேற்பட்ட நேரத்தைப் பொதுவான வகுப்பறையிலேயே கழித்தனர்.

சட்டம் என்ன சொல்கிறது

இச்சட்டத்தின் அடிப்படைகள் எளிமையானவை.

முதலாவது, கட்டணமற்ற, பொருத்தமான பொதுக்கல்வி ஒவ்வொரு குழந்தையின் உரிமை. குறைபாடு எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் "இந்தக் குழந்தையை எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது" என்று கூறி ஒரு பள்ளி மாவட்டம் கைகழுவ முடியாது.

இரண்டாவது, மிகக் குறைந்த கட்டுப்பாடுள்ள சூழல். தேவையான துணைக்கருவிகளும் உதவிகளும் அளித்த பின்னரும் பொதுவகுப்பில் கற்பது இயலாது என்றால் மட்டுமே ஒரு குழந்தையைத் தனிவகுப்புக்கு மாற்றலாம். அதாவது, முதலில் பொதுவகுப்பு, அங்கே வேண்டிய உதவி, அதுவும் போதாதபோதுதான் வேறு இடம். இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பேசும் பள்ளிகள் உண்டு என்பதால் இதனை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, தனிநபர் கல்வித் திட்டம். பெற்றோர்களின் பேச்சுவழக்கில் ஐ.ஈ.பி. குழந்தை இன்று எந்த நிலையில் உள்ளது, ஓராண்டுக்குள் எதை எட்ட வேண்டும், அதற்குப் பள்ளி எந்தெந்தச் சேவையை வாரத்திற்கு எத்தனை நிமிடம் தரும், முன்னேற்றத்தை எப்படி அளக்கும் என்பவை அதில் எழுத்தில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது அதனை மறுபரிசீலனை செய்ய வேண்டும். 16 வயதுக்குள், பள்ளிக்குப் பிந்தைய வாழ்வுக்கான திட்டமும் அதில் இடம்பெற வேண்டும்.

நான்காவது, பெற்றோரின் பங்கு. திட்டம் வகுக்கும் குழுவில் பெற்றோர் விருந்தாளிகள் அல்லர். ஆசிரியரைப் போன்றே சமமான உறுப்பினர்கள். பள்ளியின் முடிவு ஏற்கத்தக்கதாக இல்லையென்றால் மத்தியஸ்தம், முறையீடு, நீதிமன்றம் என்று வழிகள் உண்டு.

மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு, 1986ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக வந்த தொடக்கநிலை உதவித் திட்டம் இருக்கிறது. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா" என்று நம் பெரியவர்கள் சொன்னதை இங்கே இரண்டு வயதுக்கே கொண்டுவந்திருக்கிறார்கள் எனலாம்.

உட்கார வைத்தல் வேறு, சேர்த்துக்கொள்ளுதல் வேறு

தமிழில் "ஒருங்கிணைந்த கல்வி" என்றும் "உள்ளடக்கிய கல்வி" என்றும் இரு சொற்கள் வழங்குகின்றன. இரண்டும் ஒன்றெனத் தோன்றினாலும் இடையே பெரிய வேறுபாடு உண்டு. முதலாவதில், ஏற்கெனவே இருக்கும் வகுப்புக்குக் குழந்தை தன்னைப் பொருத்திக்கொள்ள வேண்டும். இரண்டாவதில், வகுப்பு குழந்தைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்ளும். 1994ஆம் ஆண்டு ஸ்பெயினின் சலமான்கா நகரில் 92 நாடுகளின் அரசுகள் கூடி வெளியிட்ட அறிக்கை, இந்த இரண்டாவது வழியையே உலகின் முன் வைத்தது. 2006ஆம் ஆண்டு ஐ.நா. பொது அவை ஏற்ற ஊனமுற்றோர் உரிமை உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு அதனை உரிமையாகவே அறிவித்தது. அந்த உடன்படிக்கையில் 2009ஆம் ஆண்டு கையெழுத்திட்ட அமெரிக்கா, 2012 டிசம்பரில் செனட் அவையில் போதிய வாக்குகள் கிடைக்காததால் அதனை உறுதிசெய்யத் தவறியது என்பதும் குறிப்பிடத்தக்கது.

மென்பொருள் துறையில் இருப்போர் இதனை எளிதில் விளங்கிக்கொள்வார்கள். பார்வையற்றோரும் பயன்படுத்தும் வகையில் ஓர் இணையதளத்தைத் தொடக்கத்திலேயே வடிவமைத்தால் செலவு குறைவு. எல்லாம் முடிந்த பிறகு ஒட்டுப்போட்டால் செலவும் மிகுதி, பயனும் அரைகுறை. சக்கர நாற்காலிக்காக நடைபாதை ஓரத்தில் அமைத்த சரிவுகள், இன்று குழந்தை வண்டி தள்ளும் தாய்க்கும், பெட்டியை இழுத்துச் செல்லும் பயணிக்கும் உதவுகின்றன. காது கேளாதோருக்காக வந்த திரையெழுத்துகளை, இரைச்சல் மிகுந்த இடத்தில் எல்லோரும் படிக்கிறார்கள். வகுப்பறையும் அப்படித்தான். ஒரே பாடத்தைச் சொல்லாலும் படத்தாலும் கைவேலையாலும் கற்பிக்கும் ஆசிரியரிடம் எல்லாக் குழந்தைகளும் நன்றாகக் கற்பார்கள்.

இந்த உரிமையின் அளவை நீதிமன்றங்கள் படிப்படியாக வரையறுத்தன. 1982ஆம் ஆண்டு, காது கேளாத சிறுமி ஏமி ரௌலிக்கு வகுப்பில் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. உதட்டசைவைப் படித்தும் கேட்புக்கருவியின் துணையாலும் அவள் நன்றாகவே படித்து வந்தாள். ஆகவே சட்டம் கோரும் பயன் அவளுக்குக் கிடைக்கிறது என்று கூறி நீதிமன்றம் கோரிக்கையை ஏற்கவில்லை. வகுப்பில் பேசப்படுவதில் பெரும்பகுதியை இழந்தும் தேர்ச்சி பெறுகிறாள் என்றால், எல்லாம் கேட்டிருந்தால் அவள் எங்கே சென்றிருப்பாள் என்ற கேள்வி அப்படியே நின்றுவிட்டது. 1993ஆம் ஆண்டு நியூஜெர்சியைச் சேர்ந்த ரஃபேல் ஒபர்ட்டி என்ற டவுன் சின்ட்ரோம் உள்ள சிறுவனின் வழக்கில், மேல்முறையீட்டு நீதிமன்றம் பெற்றோர் பக்கம் நின்றது. உரிய உதவிகளைக் கொடுத்துப் பார்க்காமலேயே பொதுவகுப்பு ஒத்துவராது என்று பள்ளி முடிவு கட்டக்கூடாது என்றது. 2017ஆம் ஆண்டு, கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள எண்ட்ரூ என்ற மாணவனின் வழக்கில், உச்ச நீதிமன்ற நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். பெயரளவுக்குச் சற்று முன்னேற்றம் போதாது, அக்குழந்தையின் சூழ்நிலைக்கு ஏற்ற, சவாலான குறிக்கோளைத் திட்டம் கொண்டிருக்க வேண்டும் என்பது தீர்ப்பின் சாரம்.

மறுபக்கத்தையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உதவி ஆசிரியர் இல்லை, பயிற்சி இல்லை, வகுப்பில் கூட்டம் அதிகம் என்ற நிலையில் ஒரு குழந்தையைப் பின்வரிசையில் அமர வைத்துவிட்டு அதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயரிட்டால், அது குழந்தைக்கும் தீங்கு, ஆசிரியருக்கும் தீங்கு. பிரித்தானியாவில் 1978ஆம் ஆண்டு அறிக்கையின் மூலம் இக்கொள்கைக்கு வழிவகுத்த மேரி வார்னக் அம்மையாரே, 2005ஆம் ஆண்டு அதனை மறு ஆய்வு செய்ய வேண்டும் என்று எழுதினார். பொதுப்பள்ளியின் இரைச்சலில் சில குழந்தைகள் துன்புறுகின்றனர் என்பது அவருடைய கவலை. காது கேளாதோர் பலர், சைகைமொழி பேசும் தங்கள் பள்ளிகளையே தங்கள் சமூகமாகக் கருதுகின்றனர். அதுவும் மதிக்கத்தக்கதே. அதே வேளையில், 1977ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் இத்தாலி ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் பொதுவகுப்புக்குக் கொண்டுவந்தபோது, வகுப்புக்குத் துணையாசிரியரையும் சேர்த்தே அனுப்பியது. உதவியோடு சேர்த்துக்கொண்டால்தான் அது சேர்த்தல். உதவியின்றிச் சேர்த்தால் அது கைவிடுதலின் இன்னொரு பெயர்.

நம் வீடுகளில் நிலவும் தயக்கம்

சட்டம் இவ்வளவு இருந்தும் தமிழ்க் குடும்பங்கள் பின்தங்குவது ஏன்?

ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தந்தை கணினித் துறையில் ஒப்பந்தப் பணியாளர். தாய் விசா காரணமாக வேலைக்குச் செல்லவில்லை. மூன்று வயது மகன் பேசவில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பிப் பார்ப்பதில்லை. "அவன் அப்பாவும் நான்கு வயதில்தான் பேசினான்" என்று ஊரிலிருந்து பாட்டி தொலைபேசியில் ஆறுதல் கூறுகிறார். "ஆண் குழந்தை, தாமதமாகத்தான் பேசும்" என்கிறார் பக்கத்து வீட்டு அம்மா. நண்பர்கள் வீட்டுப் பிறந்தநாள் விழாக்களுக்குச் செல்வது மெல்லக் குறைகிறது. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தில் இரண்டு ஆண்டுகள் கழிகின்றன. அந்த இரண்டு ஆண்டுகள்தாம் திரும்பக் கிடைக்காதவை.

இவர்கள் அன்பில்லாத பெற்றோர் அல்லர். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அச்சமும் அறியாமையுமே அவர்களைத் தடுக்கின்றன. இத்தகைய குடும்பம் தாங்கள் மட்டுமே தனித்து நிற்பதாக எண்ணுகிறது. ஆனால் அமெரிக்காவில் 8 வயதுக் குழந்தைகளில் 31 பேருக்கு ஒருவர் என்ற அளவில் ஆட்டிசம் கண்டறியப்பட்டிருக்கிறது என்று, 2022ஆம் ஆண்டுத் தரவுகளைக் கொண்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2025இல் அறிவித்தது. தமிழர்கள் கூடும் எந்தப் பொங்கல் விழாவிலும் இத்தகைய குடும்பங்கள் சிலவேனும் இருக்கும். இல்லை என்று தோன்றினால், அவர்கள் வராமல் இருக்கிறார்கள் என்றே பொருள்.

விசா பற்றிய அச்சமும் உண்டு. பள்ளியில் குழந்தையின் குறைபாட்டைப் பதிவு செய்தால் நிரந்தரக் குடியுரிமைக்கு இடையூறு வருமோ என்று சிலர் அஞ்சுகிறார்கள். குழந்தையின் குடிவரவு நிலையைக் காரணம் காட்டிப் பொதுப்பள்ளிக் கல்வியை மறுக்க முடியாது என்பதை 1982ஆம் ஆண்டு ப்ளைலர் வழக்கில் உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. மாணவரின் கல்விப் பதிவுகளை, சட்டம் வகுத்த சில விலக்குகள் தவிர, பெற்றோரின் எழுத்து வடிவிலான இசைவின்றி வெளியிடக்கூடாது என்று 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கூறுகிறது. தனிப்பட்ட ஐயங்களுக்குக் குடிவரவு வழக்கறிஞரைக் கேட்கலாம். ஆனால் அச்சத்தினால் குழந்தையின் மதிப்பீட்டைத் தள்ளிப்போடுவது தகாது.

ஒப்பந்தப் பணியாளர் குடும்பங்கள் அடிக்கடி மாநிலம் விட்டு மாநிலம் மாறுகின்றன. கல்வியாண்டின் நடுவே இடம் மாறினாலும், புதிய பள்ளி தன் மதிப்பீட்டையும் புதிய திட்டத்தையும் முடிக்கும் வரை, பழைய திட்டத்தில் இருந்தவற்றிற்கு ஈடான சேவைகளை அளித்தாக வேண்டும். எனவே வீட்டுப் பொருள்களைப் பெட்டியில் கட்டும்போது ஐ.ஈ.பி. கோப்பைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளும் எப்போதும் நேர்மையாக நடந்துகொள்வதில்லை. டெக்சாஸ் மாநிலக் கல்வி முகமை, சிறப்புக் கல்வி பெறுவோர் மாணவர் தொகையில் 8.5 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்ற அளவுகோலை 2004ஆம் ஆண்டு முதல் வைத்திருந்தது. அவ்விகிதம் நாடு முழுவதும் ஏறக்குறைய 13 விழுக்காடாக இருந்த காலம் அது. 2016ஆம் ஆண்டு ஹூஸ்டன் கிரானிக்கிள் நாளேடு அதனை வெளிக்கொணர்ந்தது. 2018 ஜனவரியில், அம்மாநிலம் சட்டத்தை மீறியதாக மத்தியக் கல்வித் துறை அறிவித்தது. ஹூஸ்டனிலும் டல்லாசிலும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் வாழ்கிறார்கள். அந்த ஆண்டுகளில் "உங்கள் குழந்தைக்குத் தேவையில்லை" என்று சொல்லப்பட்டதைப் பணிவுடன் ஏற்றுக்கொண்டு வீடு திரும்பிய பெற்றோரில் நம்மவர்களும் இருந்திருக்கக்கூடும். ஆசிரியர் சொல்லை மறுத்துப் பேசாமை நம் பண்பாடு. ஆனால் கேள்வி கேட்பது அவமரியாதை அன்று. இந்நாட்டுப் பள்ளிகள் பெற்றோரிடமிருந்து அதையே எதிர்பார்க்கின்றன.

தமிழில் பேசலாமா?

இன்னொரு செய்தி தமிழர்களுக்கே உரியது. குழந்தைக்குப் பேச்சுத் தாமதம் என்று தெரிந்தவுடன், "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள், இரண்டு மொழி குழந்தையைக் குழப்பும்" என்று அறிவுரை கூறுவோர் இருக்கிறார்கள். பெற்றோரும் அன்றிலிருந்தே தமிழை நிறுத்திவிடுகிறார்கள்.

டவுன் சின்ட்ரோம் உள்ள குழந்தைகளிடமும், ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடமும் 2000களிலிருந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் ஆய்வுகள் நடந்துள்ளன. பெரும்பாலானவை சிறு எண்ணிக்கையிலான குழந்தைகளைக் கொண்டவை என்பது உண்மையே. ஆயினும் இருமொழிச் சூழலில் வளரும் இக்குழந்தைகள், ஒருமொழிச் சூழலில் வளரும் ஒத்த குழந்தைகளைவிட மொழியில் பின்தங்கியதாக அவற்றில் தெரியவரவில்லை. தமிழ் பேசுவதால் ஆட்டிசம் வளர்வதில்லை. தமிழை நிறுத்துவதால் அது தேய்வதும் இல்லை.

இழப்பு என்னவென்று பாருங்கள். தாய்க்கு எந்த மொழியில் கொஞ்ச வருமோ, எந்த மொழியில் தாலாட்டு வருமோ, அந்த மொழி வீட்டிலிருந்து போய்விடுகிறது. இரண்டாம் மொழியில் தட்டுத்தடுமாறிப் பேசும்போது பேச்சே குறைகிறது. பேச்சுக்காக ஏங்கும் குழந்தைக்கு, வீட்டில் கிடைக்கும் பேச்சும் சுருங்கிவிடுகிறது. ஆறு மாத விசாவில் தஞ்சாவூரிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வரும் பாட்டி, தன் பேரனிடம் பேச ஒரு சொல்லும் இல்லாமல் சோபாவில் அமர்ந்திருக்கிறார். உறவுகள் குறைவாக வாய்க்கும் ஒரு குழந்தையிடமிருந்து, இருக்கும் உறவையும் பறிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் "எங்கள் வீட்டு மொழி தமிழ், அதைத் தொடர்ந்து பேசுவோம், அதற்கேற்ப வழிகாட்டுங்கள்" என்று தயங்காமல் சொல்லுங்கள்.

கூட்டத்திற்குச் செல்லுமுன்

ஐயம் தோன்றினால் மதிப்பீட்டுக் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழிக்குச் சான்று இல்லை. பெற்றோர் இசைவளித்த நாளிலிருந்து 60 நாள்களுக்குள், அல்லது மாநிலம் தனியே வகுத்த காலக்கெடுவுக்குள், மதிப்பீடு முடிய வேண்டும். பள்ளி மறுத்தால், மறுப்பையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தரக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. பள்ளியின் மதிப்பீட்டில் உடன்பாடு இல்லையென்றால், பள்ளிச் செலவிலேயே வெளி வல்லுநரின் மதிப்பீட்டைக் கோரலாம். பள்ளி அதற்குச் செலவு செய்ய வேண்டும், அல்லது தன் மதிப்பீடு சரியானது என்று விசாரணையில் மெய்ப்பிக்க வேண்டும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால் கூட்டத்திற்கு மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். குழந்தையை நன்கறிந்த ஒருவரை, அது பாட்டியாகவே இருந்தாலும், உடன் அழைத்துச் செல்லலாம். எட்டு பேர் அமர்ந்திருக்கும் மேசையின் எதிரே தனியாக அமர்ந்த தாய்க்கு, பக்கத்தில் ஒருவர் இருப்பதே பெரும் பலம். அன்றே கையெழுத்திட வேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்த முடியாது. வீட்டிற்கு எடுத்துச் சென்று படித்த பின் பதில் அளியுங்கள்.

2025 மார்ச்சில் மத்தியக் கல்வித் துறையை மூடும் நோக்குடன் குடியரசுத் தலைவர் ஆணை பிறப்பித்ததையும், அத்துறையின் ஊழியர் எண்ணிக்கை பெருமளவு குறைக்கப்பட்டதையும் கேட்டுப் பலர் கலங்கினார்கள். ஐடியா சட்டம் நாடாளுமன்றம் இயற்றியது. நிர்வாக ஆணை ஒன்றினால் அது நீங்கிவிடாது. ஆனால் கண்காணிக்கும் கை தளரும்போது, பெற்றோரின் விழிப்பு இருமடங்காக வேண்டும்.

தாயகம் திரும்பும் குடும்பங்களும் உள்ளன. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. சட்டம் குறிப்பிடும் அளவிற்குக் குறைபாடுள்ள 6 முதல் 18 வயது வரையிலான குழந்தை, அருகிலுள்ள பள்ளியிலோ தான் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ கட்டணமின்றிக் கற்கும் உரிமையை அது அளிக்கிறது. நடைமுறை வேறுபடலாம். ஆயினும் கையில் சட்டம் இருக்கிறது என்பதை அறிந்து செல்வது நல்லது.

நம் தமிழ்ப்பள்ளிகள்

கடைசியாக, பிறரிடம் உரிமை கேட்கும் சமூகம் தன் வீட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வார இறுதித் தமிழ்ப்பள்ளிகள் தன்னார்வலர்களின் உழைப்பால் நடப்பவை. வாடகை வகுப்பறை, இரண்டு மணி நேரம், பயிற்சி பெறாத ஆசிரியர்கள் என்ற நெருக்கடி எல்லோரும் அறிந்ததே. அந்நிலையில், "உங்கள் பிள்ளைக்கு இங்கே கஷ்டமாக இருக்கும்" என்று அன்போடு சொல்லப்படும் சொல், புரூக்ளின் தலைமை ஆசிரியர் சொன்ன சொல்லிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரிய செலவு எதுவும் வேண்டியதில்லை. சேர்க்கைப் படிவத்தில், "உங்கள் குழந்தை நன்றாகக் கற்க நாங்கள் என்ன செய்யலாம்?" என்று ஒரு வரி சேர்க்கலாம். அத்தகைய குழந்தை உள்ள வகுப்பில் இரண்டாவதாக ஒரு தன்னார்வலரை அமர்த்தலாம். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தொண்டு நேரத்திற்காகக் காத்திருக்கிறார்கள். எழுத இயலாத குழந்தைக்கு வாய்மொழித் தேர்வு வைக்கலாம். 247 எழுத்துகளையும் எழுதிக் காட்ட இயலாத குழந்தை, "அம்மா, தண்ணி வேணும்" என்று கேட்கக் கற்றுக்கொண்டால், அதற்கும் ஒரு சான்றிதழ் கொடுக்கலாம். இரைச்சலைத் தாங்க முடியாத குழந்தை சற்று நேரம் அமைதியாக அமர, ஒரு மூலையை ஒதுக்கலாம்.

ஆண்டு விழா மேடையில் எல்லாக் குழந்தைகளும் வரிசையாக நின்று பாடுகிறார்கள். ஒரு குழந்தை பாடாமல் நிற்கிறது. கைகளை ஆட்டுகிறது. தாளம் தப்புகிறது. அவையில் அதன் தாய், யாராவது சிரிப்பார்களோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அந்தக் குழந்தையை மேடையின் ஓரத்தில் நிறுத்தாமல், அதன் தோழர்களுக்கு நடுவே நிறுத்துங்கள். பாட்டு முடிந்ததும் எல்லோருக்கும் தட்டுவதைப் போலவே கை தட்டுங்கள். அடுத்த ஆண்டு அந்தத் தாய் இன்னும் இரண்டு குடும்பங்களை அழைத்து வருவார்.